ஏற்காட்டில் ஓராண்டு: கம்பியில்லா சென்சார் பெட்டிகளும் அவற்றின் ஐபி எண்ணும்

கடந்த ஐப்பசி மழைக்கு இடையே ஒரு நாள், நாகலூர்ப் பக்கம் உள்ள எங்கள் காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தில் கட்டியிருந்த சென்சார் பெட்டி ஒன்றைக் கழற்றி மேசைமேல் வைத்துத் திறந்தேன். அடிமூலையில் ஒரு தேக்கரண்டி அளவு தண்ணீர் தேங்கியிருந்தது. பேட்டரியைப் போர்டுடன் இணைக்கும் செம்புத் தகட்டில் பச்சை பூத்திருந்தது. ஈரத்தை உறிஞ்சுவதற்காகப் போட்டிருந்த சிலிக்கா ஜெல் பொட்டலத்தில், நீலமாக இருக்க வேண்டிய மணிகள் எல்லாம் வெளிறிய ரோஜா நிறத்துக்கு மாறியிருந்தன. மூடியின் நான்கு திருகுகளும் இறுக்கமாகவே இருந்தன. மூடியின் இடுக்கை அடைக்கும் ரப்பர் கேஸ்கெட் எங்கும் கிழியவில்லை. தூசியும் நீரும் நுழையாமல் கூடு எவ்வளவு காக்கும் என்பதைக் குறிக்க, பக்கவாட்டில் அச்சிட்டிருந்த ஐபி67 என்ற எழுத்தும் அழியாமல் இருந்தது. அந்த எழுத்தை நம்பித்தான் நான்கு பெட்டிகளை ஒரே நேரத்தில் வாங்கியிருந்தேன். அவற்றையும், பிறகு வாங்கிய வேறு இரண்டு வகைகளையும் மலையில் இந்த ஓராண்டில் வைத்துப் பார்த்த அனுபவமே இந்த மதிப்புரை. விற்றவர்களின் பெயரை எழுதவில்லை. இதே அமைப்புள்ள பெட்டிகளைப் பலரும் விற்கிறார்கள், ஒருவரை மட்டும் சொல்வது நியாயம் ஆகாது.

சேர்வராயன் மலையில் இந்தச் சாதனங்களுக்கு உள்ள தேவை உண்மையானது. ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில், ஒரே தோட்டத்தின் மேல்துண்டில் மழை கொட்டும்போது கீழ்த்துண்டு காய்ந்து கிடக்கும். இலை எவ்வளவு நேரம் நனைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே காப்பியில் இலைத்துரு நோய் பரவுகிறது; காப்பியைப் பூக்கவைக்கும் பூமழை எந்தத் துண்டில் எவ்வளவு இறங்கியது என்பது தெரிந்தால்தான் தெளிப்புநீர் பாய்ச்சலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியும். மரத்தில் கட்டிய சிறு பெட்டி ஒன்று வெப்பநிலையையும் காற்றின் ஈரத்தையும் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை லோரா என்ற தொலைதூர ரேடியோ வழியாக அனுப்ப, கிடங்கின் கூரையில் உள்ள கேட்வே அதை வாங்கிக்கொள்கிறது. 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைக்கு உரிமம் வாங்க வேண்டியதில்லை, பெட்டிக்குப் பெட்டி சிம் கார்டும் வேண்டாம். வேலையைப் பொறுத்தவரை முதல் நான்கு பெட்டிகளும் குறை சொல்ல முடியாதவை. இரண்டு சரிவுகள் தாண்டியும் தகவல் வந்தது. குறை முழுவதும் கூட்டில்தான் இருந்தது.

கோளாற்றை முதலில் கண்டது நான் அல்லேன், எங்கள் மேஸ்திரி. அந்தப் பெட்டிகளுக்குக் கண்ணாடி போன்ற தெளிந்த மூடி இருந்தது. ஒரு நாள் காலை அவர் வந்து, "மூடிக்கு உள்பக்கம் வேர்த்திருக்குதுங்க சார், மேல இருந்து தண்ணி எறங்கலீங்க" என்றார். போய்ப் பார்த்தேன். மூடியின் உள்பக்கம் முழுவதும் ஊசிமுனை அளவு நீர்த்துளிகள். ஒன்றோடொன்று சேர்ந்த இடத்தில் மட்டும் மெல்லிய கோடாக வழிந்திருந்தன. வெயில் ஏறியதும் அவை மறைந்தன, மறுநாள் காலை திரும்பவும் வந்தன. வேர்வை என்று அவர் சொன்ன சொல்லைத் தொடர்ந்து போனபோதுதான் ஐபி எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பது எனக்கு விளங்கியது.

ஐபி எண் என்பது ஐஇசி 60529 என்ற பன்னாட்டுத் தரநிலையில் வரும் குறியீடு. முதல் பதிப்பு 1976இல் வந்தது. இந்தியாவிலும் இதுவே இந்தியத் தரநிலையாக ஏற்கப்பட்டிருக்கிறது. முதல் இலக்கம் திடப்பொருளையும் தூசியையும் பற்றியது, இரண்டாவது தண்ணீரைப் பற்றியது. முதல் இலக்கம் 4 என்றால் ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள கம்பி நுழையாது. 5 என்றால் தூசி சிறிது நுழையலாம், ஆனால் வேலையைக் கெடுக்கும் அளவுக்கு நுழையாது. 6 என்றால் தூசியே நுழையாது. சோதனைக்கு டால்க் தூளைப் பறக்கவிட்டு, பெட்டிக்குள் இருக்கும் காற்றைச் சற்று உறிஞ்சியபடி மணிக்கணக்கில் வைத்துப் பார்க்கிறார்கள். ஓர் இலக்கத்தின் இடத்தில் எக்ஸ் என்று இருந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை என்று பொருள் அன்று, அந்தச் சோதனைக்கு மதிப்பீடு கொடுக்கவில்லை என்பதே பொருள்.

தண்ணீருக்கான இலக்கத்தில்தான் பெரும்பாலானோர் ஏமாறுகிறோம். 1 முதல் 6 வரை ஏறும் படிகள் எல்லாம் விழும் நீர், தெறிக்கும் நீர், பீய்ச்சும் நீர் பற்றியவை. 5 என்றால் 6.3 மில்லிமீட்டர் வாயுள்ள குழாயிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர், 6 என்றால் 12.5 மில்லிமீட்டர் வாயிலிருந்து நிமிடத்துக்கு 100 லிட்டர். இரண்டையும் குறைந்தது மூன்று நிமிடமாவது எல்லாப் பக்கமும் அடித்துப் பார்க்க வேண்டும். 7 என்பது வேறு வகைச் சோதனை: ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கவைப்பது. எண் பெரியது என்பதால் 7 பெற்ற பெட்டி 6க்கு உரிய பீய்ச்சலையும் தாங்கும் என்று நினைப்பது இயல்பு, நானும் அப்படித்தான் நினைத்தேன். தரநிலை அப்படிச் சொல்லவில்லை. நின்ற நீரின் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே சீராக மூடியை அழுத்துகிறது; வேகமாக வரும் பீய்ச்சல் ஓர் ஓரத்தில் மட்டும் மோதி கேஸ்கெட்டின் உதட்டைத் தூக்கிவிடக்கூடும். இரண்டையும் தாங்கும் பெட்டியில் ஐபி66/ஐபி67 என்று இரண்டு எண்களும் சேர்ந்தே அச்சாகியிருக்க வேண்டும்.

இந்த வேறுபாட்டை எங்களுக்குக் கற்றுத்தந்தது, காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் இயந்திரம் உள்ள பல்பர் கொட்டகை. நான்கு பெட்டிகளில் ஒன்றை அங்கே சுவரில் பதித்திருந்தோம். பழம் உரிக்கும் காலத்தில் ஒவ்வொரு மாலையும் தொட்டியையும் தரையையும் ஹோஸ் வைத்து அடித்துக் கழுவுவார்கள். தோலும் பசையும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நீர் வேகமாகத்தான் வர வேண்டும். மழையையே பார்க்காத அந்தப் பெட்டிதான் மூன்றாவது வாரத்தில் முதலில் செத்தது. திறந்து பார்த்தபோது, ஹோஸ் நீர் படும் பக்கத்தில் மட்டும் கேஸ்கெட்டின் ஓரம் முழுவதும் காப்பித்தோலின் சிறு துணுக்குகள் வரிசையாகச் சிக்கியிருந்தன. நீர் எந்த வழியாக நுழைந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

மரத்தில் கட்டிய பெட்டியின் கதை இதிலிருந்து வேறு. அங்கே ஹோஸும் இல்லை, வெள்ளமும் இல்லை. சாதனமே தன் போர்டின் வெப்பநிலையையும் அனுப்புவதால், பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். பிற்பகலில் வெயில் நேராகப் படும் நேரத்தில் உள்ளே 43 டிகிரி. பிறகு மலைக்கே உரிய திடீர் மழை. அடுத்தடுத்த இரண்டு பதிவுகளுக்குள் 23 டிகிரிக்கு இறங்கியிருந்தது. அடைபட்ட காற்று இருபது டிகிரி குளிர்ந்தால் நூற்றுக்கு ஆறு பங்கு சுருங்கப் பார்க்கும். பெட்டியில் அரை லிட்டர் காற்று இருந்தால், ஏறத்தாழ 30 மில்லி அளவுக்கு வெளியிலிருந்து எதையாவது உள்ளே இழுத்துக்கொள்ள அது முயலும். கேஸ்கெட்டின் ஓரம் அந்த நேரத்தில் மழைநீரில் நனைந்திருக்கிறது, ஆகவே காற்றுக்குப் பதில் தண்ணீரே உள்ளே போகிறது. ஏற்காட்டின் உயரத்தில் அந்த இழுவிசை அரை மீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீர்த்தூணின் அழுத்தத்துக்குச் சமம்.

ஒரு மீட்டர் ஆழத்தைத் தாங்கிய பெட்டி அரை மீட்டர் அழுத்தத்தைத் தாங்காதா என்று கேட்கலாம். சோதனை புதிய பெட்டியின்மேல், அரை மணி நேரம் நடக்கிறது. அதிலும், நீரின் வெப்பநிலைக்கும் பெட்டியின் வெப்பநிலைக்கும் 5 டிகிரிக்கு மேல் வேறுபாடு இருக்கக்கூடாது என்பது சோதனையின் நிபந்தனை. சூடான பெட்டிமேல் குளிர்ந்த மழை விழுவது அந்தச் சோதனைக்குள் வருவதே இல்லை. மலையிலோ அது பருவம் முழுவதும் நாள்தோறும் நடக்கிறது. கேஸ்கெட் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது. மேலும், ஒரு சொட்டும் நுழையாது என்று 7 என்ற எண் உறுதி தரவில்லை. தீங்கு செய்யும் அளவுக்கு நுழையாது என்பதே அதன் வாசகம். நீராவியைப் பற்றி அது எதுவுமே சொல்லவில்லை. நீராவி பிளாஸ்டிக் சுவர் வழியாகவும் ரப்பர் வழியாகவும் மெல்ல மெல்ல ஊடுருவும். பனிமூட்டம் நாட்கணக்கில் இறங்கிக் கிடக்கும் மார்கழியில் உள்ளே போன ஈரம் இரவில் குளிர்ந்த மூடியில் துளிகளாகப் படியும். மேஸ்திரி பார்த்த வேர்வை இதுதான். பகலில் அது ஆவியாகி உள்ளேயே இருக்கும், வெளியேற வழி இல்லை. இறுக்கமாக அடைத்த பெட்டி, நுழைந்துவிட்ட ஈரத்தையும் அதே இறுக்கத்துடன் காத்துவைக்கிறது.

இதற்குப் பிறகு வாங்கியவைதான் ஐபி66/ஐபி67 என்று இரட்டை எண் போட்ட இரண்டு பெட்டிகள். பாலிகார்பனேட் கூடு, ஆன்டெனா உள்ளேயே இருக்கிறது, அடிப்பக்கத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வென்ட் இருக்கிறது. அந்த வென்ட்டுக்குள் உள்ள சவ்வு காற்றையும் நீராவியையும் விடும், நீர்த்துளியை விடாது. ஆகவே குளிரும்போது பெட்டி தனக்கு வேண்டிய காற்றைக் கேஸ்கெட்டின் வழியாக இழுக்காமல் வென்ட் வழியாக இழுத்துக்கொள்கிறது. ஏழு மாதமாக மழையிலும் பனியிலும் அதே சில்வர் ஓக் மரத்தில் இருக்கும் பெட்டியைப் போன வாரம் திறந்தேன். உள்ளே ஈரத்தின் தடமே இல்லை, சிலிக்கா ஜெல் இன்னும் நீலமாகவே இருந்தது. விலை முதல் வகையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆனால் பேட்டரியையும் போர்டையும் மாற்ற ஆன செலவையும், பெட்டி செத்துக்கிடந்த நாட்களில் பதிவாகாமல் போன மழைக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால், என் மதிப்பில் இதுவே மலிவு. ஒரு குறை உண்டு: வென்ட்டின் துளைகளைச் சேறோ சிலந்திக்கூடோ அடைத்துக்கொண்டால் பெட்டி பழைய நிலைக்கே போய்விடும். ஆகவே வென்ட் கீழ்நோக்கி இருக்கும்படிதான் கட்ட வேண்டும், களையெடுக்கும்போது ஒருமுறை துடைத்துவிட வேண்டும். கையேட்டில் இதை ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

மூன்றாவது வகை மண்ணின் ஈரத்தை அளக்கும் சென்சார். முனை முழுவதும் எப்பாக்சியில் வார்த்தது, ஐபி68. இந்த 8 என்ற இலக்கத்துக்குத் தனி ஆழமோ நேரமோ தரநிலையில் இல்லை. 7க்கு உரிய சோதனையைவிடக் கடுமையாக இருக்க வேண்டும், எவ்வளவு என்பதை உற்பத்தியாளரே சொல்ல வேண்டும். ஆழமும் நேரமும் எழுதாமல் ஐபி68 என்று மட்டும் போட்டிருந்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நாங்கள் வாங்கியதில் இரண்டும் எழுதியிருந்தன, முனையும் ஓராண்டாக மண்ணுக்குள் பழுதில்லாமல் வேலை செய்கிறது. பழுதானது அதன் கேபிள். எலி கடித்த ஒரு சிறு இடத்தில் உறை கிழிந்து, மழைநீர் உறைக்குள்ளேயே திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஏறி, மேலே இருந்த பெட்டிக்குள் இறங்கிவிட்டது. இப்போது கேபிளைத் தடித்த குழாய்க்குள் விட்டு, பெட்டிக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு தொங்கும்படி கட்டியிருக்கிறோம். வழிந்து வரும் நீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடுகிறது.

ஒரு சாதனத்துக்கு ஒரே எண் என்று நினைத்ததும் என் தவறு. காற்றின் ஈரத்தை அளக்கும் முனை காற்றோடு தொடர்பில் இருந்தே ஆக வேண்டும், ஆகவே கூட்டுக்கு 67 இருந்தாலும் முனைக்கும் அதே எண் இருக்கும் என்று கொள்ள முடியாது. கேபிள் நுழையும் துளையில் அதைக் கவ்வி அடைக்கும் கிளாண்டும் தனி. முதல் நான்கு பெட்டிகளில் ஒன்றில் கூடுதல் மழைமானி இணைக்க, சேலத்தில் எனக்குத் தெரிந்த எலெக்ட்ரிக்கல் கடையில் துளை போட்டு பிஜி9 என்ற அளவுள்ள கிளாண்ட் பொருத்தித் தந்தார்கள். கேபிளின் தடிப்பு மூன்றரை மில்லிமீட்டர். பிஜி9 பிடிக்கும் மிகக் குறைந்த தடிப்பே ஏறத்தாழ நான்கு மில்லிமீட்டர். நட்டை எவ்வளவு திருகினாலும் உள் ரப்பர் கேபிளைக் கவ்வவில்லை. கையால் இழுத்தால் கேபிள் நகர்ந்தது. அதைவிடச் சிறிய பிஜி7 போட்டிருந்தால் அரைச் சுற்று திருகலிலேயே பிடித்திருக்கும். வெற்றுக் கூட்டுக்கு வாங்கிய மதிப்பீடு, அதில் ஒரு துளை போட்ட நொடியில் செல்லாமல் போகிறது. விற்பனை ஏட்டில் உள்ள எண் வெற்றுக் கூட்டுக்கா, கிளாண்டும் ஆன்டெனாவும் பொருத்திய முழுச் சாதனத்துக்கா என்ற கேள்வியை இப்போது எல்லோரிடமும் கேட்கிறேன். பாதிப் பேர் பதில் சொல்வதில்லை.

ஆன்டெனாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் வகையில் ஆன்டெனா வெளியே திருகும் அமைப்பு. அந்தத் திருகு மூட்டுக்குள் நீர் இறங்கி, உள் ஊசி கறுத்து, பெட்டி உயிரோடு இருந்தும் தகவல் பாதிக்குமேல் வராமல் போனது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்துப் புதிதாக மாற்றியும் பயன் இல்லை. நீருக்குப் பயந்து இரும்புப் பெட்டிக்குள் வைத்துவிடலாம் என்றால் ரேடியோ அலை வெளியே போகாது. கம்பியில்லாச் சாதனத்துக்குப் பிளாஸ்டிக் கூடும் உள்ளேயே ஆன்டெனாவும்தான் சரி.

ஐபி எண் தொடாத இன்னொன்று எங்கள் தோட்டங்களுக்கு மிக முக்கியமானது. மழைக்கு முன் காப்பிக்கும் மிளகுக்கும் பூஞ்சை நோயைத் தடுக்கப் போர்டோ கலவை அடிக்கிறோம். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த அந்த நீர் பெட்டிமேலும் படும். ஐபி சோதனை நல்ல தண்ணீரில் நடக்கிறது, அரிப்பைப் பற்றி அதில் பேச்சே இல்லை. இரும்புத் திருகு போட்ட பெட்டிகளில் ஒரே பருவத்தில் திருகுத் தலைகள் துருவேறி, ஸ்க்ரூடிரைவர் பிடிக்காமல் வழுக்கின. துருப்பிடிக்காத எஃகுத் திருகு உள்ள இரட்டை எண் பெட்டியில் நீலக் கறைதான் படிந்தது, துடைத்தால் போய்விட்டது. வெயிலும் அந்தச் சோதனையில் இல்லை. சாதாரண ஏபிஎஸ் பிளாஸ்டிக் கூடு ஓராண்டில் மஞ்சளித்து, திருகு இருக்கும் மூலைகளில் மயிரிழை விரிசல் விடுகிறது. அடி தாங்கும் வலிமைக்கு ஐகே என்று தனி எண் இருக்கிறது: ஐகே08 என்றால் 5 ஜூல், ஐகே10 என்றால் 20 ஜூல். காட்டெருமை வந்து போகும் துண்டுகளில் எந்த எண்ணையும் நம்பாமல் தலைக்கு மேல் உயரத்தில் கட்டுவதே நல்லது.

ஆத்தூர்ப் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இந்தப் பெட்டிகளை உலர்த்தும் பகுதியில் வைக்கலாமா என்று கேட்டார். மாவு தூசியாகப் படியும் இடத்தில் முதல் இலக்கம் 6 ஆக இருப்பதை விட்டுக்கொடுக்கவே கூடாது என்றேன். வென்ட்டை மாவு அடைத்துவிடும் என்பதால் வாரந்தோறும் பார்க்க வேண்டும் என்றும் சொன்னேன். ஆனால் மாவுத்தூள் காற்றில் அடர்ந்து மிதக்கும் மூடிய இடத்தில் தீப்பொறி ஒன்றே வெடிப்பை உண்டாக்கும். தூசி நுழையாது என்ற எண் வெடிப்புக்கு எதிரான சான்று ஆகாது, அதற்கென்று தனியாகச் சோதித்த சாதனம் வேண்டும். அந்த அறையில் எதையும் வைக்க வேண்டாம், சாக்கு அடுக்கும் கிடங்கில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

வாங்கியபின் கிடைத்த சேவையிலும் வேறுபாடு பெரிது. முதல் வகைக்குச் சோதனை அறிக்கை கேட்டபோது, கூடு செய்தவரின் விளம்பரத் தாளைத்தான் அனுப்பினார்கள். நீர் நுழைந்தது உத்தரவாதத்தில் வராது என்றார்கள். உற்பத்தியாளர் தாமே எண்ணை அறிவித்துக்கொள்ள வழி இருப்பதால் அச்சிட்ட எழுத்து மட்டும் சான்று ஆகாது. இரட்டை எண் பெட்டிக்கு, ஆய்வகங்களின் தரத்தை மதிப்பிடும் என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அறிக்கை கேட்ட மறுநாளே வந்தது. அதில் மாடல் எண், பொருத்தியிருந்த கிளாண்ட், எந்த நிலையில் வைத்துச் சோதித்தார்கள் என்ற படம் எல்லாம் இருந்தன. என் கையில் உள்ள பெட்டியும் அந்தப் படத்தில் உள்ளதும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்த்தேன், ஒன்றே.

ஆகவே முதல் வகையைக் கிடங்குக்குள், பார்ச்மென்ட் (உள்தோல் நீக்காத காப்பிக்கொட்டை) மூட்டைகள் அடுக்கிய உலர்ந்த இடத்தில் வைக்க மட்டும் பரிந்துரைப்பேன். மிஞ்சிய இரண்டும் இப்போது அங்கேதான் இருக்கின்றன, நன்றாக வேலை செய்கின்றன. மண் சென்சாரை, கேபிளுக்குக் குழாய் போடுவதற்கு ஆயத்தமாக இருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். வெட்டவெளிக்கும் பல்பர் கொட்டகைக்கும் இரட்டை எண்ணும் வென்ட்டும் உள்ள பெட்டிதான். அதில் இன்னும் நான்குக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறேன். மழைமானிக்கான கேபிளின் தடிப்பை எழுதி, அதற்குப் பொருந்தும் கிளாண்டை ஆலையிலேயே பொருத்தி அனுப்ப வேண்டும் என்று ஆர்டரில் குறித்திருக்கிறேன். பூமழைக்கு முன் வந்து சேர்ந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். பிற்பகல் வெயில் நேராகப் படாத நான்கு மரங்களில் மேஸ்திரி இப்போதே சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்திருக்கிறார்.